வந்தது வலிப்புதானா? பெயர் தெரியும்வரை செய்ய வேண்டியவை

தறிக்குடோனிலோ பனியன் கம்பெனியிலோ வீட்டு வாசலிலோ ஒருவர் திடீரென்று விழுகிறார். கை கால் இழுக்கிறது, வாயில் நுரை தள்ளுகிறது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்து ‘நார்மல்’ என்கிறார்கள். ஒரு மாத்திரை எழுதித் தருகிறார்கள், அல்லது அதுவும் இல்லாமல் அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அதே மாதிரி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் வந்தது என்ன என்று வீடே குழம்பி நிற்கிறது.

வலிப்பு நோயை எந்த எந்திரமும் தனியாகக் கண்டுபிடித்துச் சொல்லாது. நரம்பியல் டாக்டர் தன் முடிவின் பெரும்பகுதியை, நேரில் பார்த்தவர் சொல்லும் விவரத்தை வைத்தே எடுக்கிறார். ஸ்கேனும், மூளையின் மின் அலையைப் பதியும் ஈஈஜியும் அந்த விவரத்துக்குத் துணைச் சாட்சிகள். விழுந்தவருக்கு நடந்தது பெரும்பாலும் நினைவிருக்காது. அதனால் பார்த்தவர் கவனித்ததும் அவர் கையிலிருந்த செல்போன் எடுத்ததும்தான் முதல் பரிசோதனை. இதைச் சரியாகச் செய்த குடும்பங்களுக்கு அலைச்சல் பாதியாகக் குறையும்.

ஒரு தடவை வலிப்பு வந்துவிட்டாலே வலிப்பு நோய் என்று ஆகிவிடாது. 100 பேரில் 10 பேர் வரை வாழ்நாளில் ஒரு தடவையாவது வலிப்பைச் சந்திக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காய்ச்சல், சர்க்கரை இறக்கம், தலையில் அடி போன்ற உடனடிக் காரணம் ஏதும் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு தடவை வந்தால் அதை வலிப்பு நோய் என்பார்கள். ஒரே தடவை வந்திருந்தாலும், அடுத்த 10 ஆண்டுகளில் மறுபடி வரும் வாய்ப்பு 60 சதவீதமாவது இருக்கும் என்று ஸ்கேனோ ஈஈஜியோ காட்டினால் அப்போதும் வலிப்பு நோய்தான். 2014-இல் உலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் வகுத்த வரையறை இது.

விழுந்த அந்த ஐந்து நிமிடம்

முதலில் மணியைப் பாருங்கள். பதற்றத்தில் முப்பது விநாடி பத்து நிமிடமாகத் தெரியும். ‘அரை மணி நேரம் இழுத்துச்சுங்க’ என்று சொல்லிவிட்டால் மருத்துவத்தின் போக்கே மாறிவிடும்.

பக்கத்தில் இருக்கும் கல், கட்டில் கால், அடுப்பு, தறிக்கட்டை எதுவானாலும் தள்ளி வையுங்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, துள்ளல் குறைந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வழிய வேண்டும். கை காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது, தோள்பட்டை கழன்றுவிடும். பல்லுக்கு நடுவில் கரண்டியோ துணியோ விரலோ வைக்கக் கூடாது. பல் உடைந்து மூச்சுக்குழாய்க்குள் போனால் வலிப்பைவிட அது பெரிய ஆபத்து. நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. தெளிவாகப் பேசத் தொடங்கும்வரை தண்ணீர், சோடா, காபி எதுவும் வேண்டாம்.

சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது நம் கொங்குப் பக்கம் இன்னமும் நிற்கவில்லை. உடம்பு முழுவதும் இழுக்கும் பெரிய வலிப்பு பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். அதற்குள் யாராவது சாவி தேடிக் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள், சாவிதான் நிறுத்தியது என்று ஊரே நம்பிவிடும். சாவி தேடப் போகிறவர் செல்போனைக் கையில் எடுத்திருந்தால் டாக்டருக்கு அது ஆயிரம் மடங்கு உதவும்.

ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். நினைவு திரும்பாமலேயே அடுத்தது வந்தாலும், தண்ணீருக்குள் வந்தாலும், தலையில் அடிபட்டாலும், கர்ப்பிணியானாலும், சர்க்கரை நோயாளியானாலும், வாழ்க்கையிலேயே முதல் தடவையானாலும் காத்திருக்க வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும் வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், மருந்துக்கு அடங்குவதும் கடினமாகும்.

பார்த்ததை எழுதுவது

‘ஃபிட்ஸ் வந்துச்சுங்க’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. ஓ.பி.யில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“என்னம்மா ஆச்சு?”

“கையி காலெல்லாம் இழுத்துக்கிச்சுங்க டாக்டர்.”

“ரெண்டு கையுமா, ஒரு கையா? எந்தப் பக்கம் முதல்ல?”

“அதெல்லாம் பார்க்கலீங்க. நான் அடுப்படியில இருந்தனுங்க. சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தா கீழ கெடந்தானுங்க.”

அந்தப் பையன் விழுவதை நேரில் பார்த்தது தம்பியோ பக்கத்துத் தறி ஓட்டுபவரோ. அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வந்திருந்தால், ‘வலது கை முதலில் மடங்கியது, தலை வலப்பக்கம் திரும்பியது, அப்புறம்தான் முழு உடம்பும் விறைத்தது’ என்று சொல்லியிருப்பார். அந்த ஒரு வரி, கோளாறு மூளையின் இடப்பக்கம் இருக்கலாம் என்று காட்டிக்கொடுக்கும். மாத்திரைத் தேர்வே அதனால் மாறக்கூடும். எனவே பார்த்தவரை அழைத்துப் போங்கள். வர முடியாதவர் என்றால் டாக்டர் முன்னால் இருந்தே அவருக்குப் போன் போட்டுக் கொடுங்கள். அவர் கம்பெனி மேஸ்திரியாக இருந்தாலும் கூச்சப்படத் தேவையில்லை.

அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். நாலு நாள் போனால் நினைவும் கற்பனையும் கலந்துவிடும். தேதி, மணி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், நின்றிருந்தாரா, படுத்திருந்தாரா, தூக்கத்திலா, தூங்கி எழுந்த கையோடா என்பதில் தொடங்குங்கள். முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், சாப்பிட்டாரா, மாத்திரை விட்டுப்போனதா, மது குடித்தாரா, பெண்களுக்கு மாதவிடாய் எத்தனையாவது நாள் என்பதையும் சேருங்கள்.

அடுத்து, விழுமுன் ஏதாவது சொன்னாரா? வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போல, இல்லாத நாற்றம் அடிப்பது போல, இதெல்லாம் முன்னமே நடந்தது போல என்று சொல்லியிருந்தால் அது நெற்றிப்பொட்டுப் பக்கத்து மூளையிலிருந்து கிளம்பும் வலிப்பின் அடையாளமாக இருக்கலாம். கண் இருட்டிக்கொண்டு வருது, வேர்க்குது, குமட்டுது என்று சொல்லிவிட்டு முகம் வெளிறி விழுந்திருந்தால் மயக்கத்தையும் யோசிக்க வேண்டும்.

விழுந்தபோது கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? பெரிய வலிப்பில் கண் பெரும்பாலும் திறந்தே இருக்கும். முகம் நீலம் பூத்ததா, வெளுத்ததா? எழுந்தபின் நாக்கைப் பாருங்கள். நாக்கின் பக்கவாட்டில் கடிபட்ட புண் இருந்தால் அது வலிப்புக்கு வலுவான சாட்சி. நுனியில் இருந்தால் அவ்வளவு வலுவில்லை. சிறுநீர் போயிருப்பது மட்டும் எதையும் நிரூபிக்காது, மயக்கத்திலும் போகும்.

தெளிய எவ்வளவு நேரமானது என்பது பலர் எழுத மறக்கும் இடம். ஒரு நிமிடத்துக்குள் எழுந்து ‘என்னாச்சு, ஏன் எல்லாரும் நிக்கறீங்க?’ என்று சரியாகப் பேசினால் மயக்கம் என்ற பக்கம் சாயும். அரை மணி நேரம் ஆளை அடையாளம் தெரியாமல் குழம்பி, தலைவலியோடு தூங்கி, மறுநாள் உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல வலித்தால் வலிப்பு என்ற பக்கம். ஒரு கையோ காலோ சில மணி நேரம் பலமில்லாமல் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

வீடியோ எடுப்பது எப்படி

ஒருவர் நோயாளியைப் பார்த்துக்கொள்ளட்டும், இன்னொருவர் எடுக்கட்டும். தனியாக இருந்தால் முதலில் ஆளைப் பாதுகாப்பாக வைத்துவிட்டு, போனை எதிலாவது சாய்த்து வைத்து ஓடவிடுங்கள். முகமும் இரண்டு கையும் இரண்டு காலும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். போர்வை மூடியிருந்தால் விலக்குங்கள், விளக்கைப் போடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ‘மாம்பழம், இதை ஞாபகம் வெச்சுக்கோ’ என்று ஒரு சொல்லைச் சொல்லுங்கள். தெளிந்தபின் அந்தச் சொல்லைக் கேட்டால், நடுவில் நினைவு இருந்ததா என்பது தெரிந்துவிடும். இழுப்பு நின்றதும் அணைத்துவிடாமல், தெளியும் நேரத்தையும் இரண்டு மூன்று நிமிடம் எடுங்கள். அதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

வாட்ஸப்பில் சொந்தக்காரர் குழுவுக்கு அனுப்பாதீர்கள். ஆளின் மானமும் போகும், சுருங்கிப்போன படத்தில் கண் அசைவும் தெரியாது. எடுத்த போனிலேயே அழிக்காமல் வைத்திருந்து டாக்டரிடம் காட்டுங்கள்.

யாரும் வலிப்பு என்று நினைக்காதவை

பலருக்குப் பெரிய வலிப்பு வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே சின்னச் சின்னவை வந்திருக்கும், வீட்டில் வேறு பெயர் சொல்லியிருப்பார்கள். பல் தேய்க்கும்போது பிரஷ் தெறித்து விழுவது, காலை டம்ளர் கையிலிருந்து வெட்டி எறிந்தது போலப் போவது இதற்கு நல்ல உதாரணம். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளிடம் இதைப் பார்த்தால் ‘கவனம் இல்லை’ என்று திட்டாதீர்கள். இளம்பருவத்தில் தொடங்கும் ஒருவகை வலிப்பின் முதல் அறிகுறியாக அது இருக்கலாம். இதை டாக்டரிடம் சொல்லாமல் விட்டால் கார்பமசெபின், ஃபெனிட்டாயின் போன்ற வலிப்பு மாத்திரை எழுதப்பட்டு, அந்த வகை வலிப்பு குறைவதற்குப் பதில் அதிகமாகிவிடக்கூடும். ‘மாத்திரை போட்டும் நிக்கலீங்க’ என்று வருகிறவர்களில் ஒரு பகுதிக்குக் காரணம் இதுதான்.

நாலிலிருந்து பத்து வயதுக்குள், பேசிக்கொண்டிருக்கும்போதே பத்து விநாடி உறைந்துபோய், எதுவும் நடக்காதது போல விட்ட இடத்திலிருந்து தொடரும் குழந்தைகள் உண்டு. பகலில் பல தடவை வரும். டீச்சர்தான் முதலில் கவனிப்பார். பெரியவர்களில், வாயைச் சப்புக்கொட்டி, சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு, கூப்பிட்டால் பதில் இல்லாமல் ஒரு நிமிடம் நிற்பதும் வலிப்பாக இருக்கலாம். ‘சாமி வந்திருக்கு, காத்து கருப்பு’ என்று மந்திரிக்க அழைத்துப் போகப்படுகிறவர்களில் இவர்கள் உண்டு. கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. நரம்பியல் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட மட்டும் வேண்டாம்.

வெந்நீர், கற்பூரம், சாராயம், சர்க்கரை

தென்னிந்தியாவில் அதிகமாகப் பதிவான ஒரு வகை, வெந்நீர் வலிப்பு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து, அண்டாவில் காய்ச்சிய சுடுதண்ணியைச் சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றும்போது வரும். பிள்ளை குளியலறையில் வெறித்துப் பார்க்கும், பிதற்றும், அப்புறம் விழும். சிலர் அந்த நேரத்தில் ‘இன்னும் ஊத்து’ என்று கேட்டு, தாமே தொடர்ந்து ஊற்றிக்கொள்வதும் உண்டு. ‘எண்ணெய் ஒத்துக்கலை, குளிர்ந்துபோச்சு’ என்று வீட்டில் முடித்துவிடுவார்கள். குளிக்கும்போது மட்டும் வருகிறது என்றால் அந்தச் சொல்லை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். தண்ணீரை வெதுவெதுப்பாக்குவதும், தலையில் மொண்டு ஊற்றாமல் ஈரத்துண்டால் துடைப்பதும் பலருக்குப் பெரிதும் உதவும். அது போதாதவர்களுக்கு, குளிக்குமுன் மட்டும் போட க்ளோபசாம் என்ற வலிப்பு மாத்திரை எழுதித் தரும் வழக்கமும் உண்டு.

சளிக்குக் கற்பூரமும் நீலகிரித் தைலமும் நம் வீடுகளில் சாதாரணம். இரண்டுமே வலிப்பைத் தூண்டக்கூடியவை. பூஜைக் கற்பூரத்தைச் சிறு குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தைலத்தை நெஞ்சிலும் மூக்கிலும் தாராளமாகத் தேய்க்கும் பழக்கமுள்ளவருக்கு வலிப்பு வந்திருந்தால் அதை நிறுத்திவிட்டு, டாக்டரிடமும் சொல்லுங்கள். தோட்டத்தில் மருந்தடித்த அன்று வலிப்பு வந்திருந்தால், அடித்த மருந்து டப்பாவையே கையோடு எடுத்துப் போங்கள்.

தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். வீட்டுக்குப் பயந்து குடியை மறைத்தால் டாக்டர் தவறான திசையில் போவார். வயதானவர் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் விழுந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இரத்தத்தில் சோடியம் இறங்கியும் வலிப்பு வரும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைக்குக் காய்ச்சலோடு வந்து, 15 நிமிடத்துக்குள் நின்று, அன்று மறுபடி வராவிட்டால் அது பெரும்பாலும் சாதாரணக் காய்ச்சல் வலிப்பு. அதற்கு ஈஈஜி தேவைப்படுவதில்லை.

இதயத்தை மறக்க வேண்டாம். ஓடும்போது, நீந்தும்போது, திடீர்ச் சத்தம் கேட்டபோது விழுந்தவருக்கும், குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் இருக்கும் வீட்டுக்காரருக்கும் இதயத் துடிப்புக் கோளாறு வலிப்பு போலவே தோன்றலாம். முதல் வலிப்பு வந்த எவருக்கும் 12 லீட் ஈசிஜி ஒன்று எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். செலவு குறைந்த, தவறவிடக் கூடாத பரிசோதனை அது.

ஈஈஜி, எம்ஆர்ஐ: போகுமுன்

ஈஈஜி எடுத்த 20, 30 நிமிடத்தில் மூளையில் ஓடும் மின் அலையைத்தான் அது பதிகிறது. வலிப்பு நோய் உறுதியாக உள்ளவர்களிலும் முதல் ஈஈஜியில் ஏறத்தாழ பாதிப் பேருக்கே கோளாறு தெரியும். எனவே நார்மல் ஈஈஜியை வைத்து ‘வலிப்பு இல்லை’ என்று முடிவு கட்டக் கூடாது. வலிப்பே வராத சிலருக்கும் ஈஈஜியில் மாற்றம் தெரியும், அதை மட்டும் வைத்து ஆண்டுக்கணக்கில் மாத்திரை போடுவதும் சரியில்லை. தூக்கம் குறைத்து எடுக்கும் ஈஈஜி கூடுதலாகக் காட்டிக்கொடுக்கும்.

முந்தைய நாள் தலைக்கு ஷாம்பூ போட்டு அலசி நன்றாகக் காய வைத்துப் போங்கள். தேங்காய் எண்ணெய் இருந்தால் பசை தலையில் ஒட்டாது, பதிவு முழுக்கக் குப்பையாக வரும். பூ, கிளிப், ஹேர்பின் வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரவு எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்பதை ஆஸ்பத்திரியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அன்று காலை டீ காபியைத் தவிருங்கள். நடுவில் மூன்று நிமிடம் வேகமாக மூச்சு வாங்கச் சொல்வார்கள், கண்ணுக்கு முன் விளக்கை மின்னவிடுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. திரும்பும்போது நோயாளி வண்டி ஓட்டக் கூடாது.

சிடி ஸ்கேன் இரத்தக்கசிவு, பெரிய கட்டி போன்ற அவசரங்களுக்கு உதவும். வலிப்பின் மூலத்தைத் தேட எம்ஆர்ஐ வேண்டும், அதுவும் வலிப்புக்கென்று எடுக்கும் முறையில். சீட்டில் ‘எம்ஆர்ஐ மூளை’ என்று மட்டும் இருந்தால், வலிப்பு முறைப்படி எடுக்கவேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். காந்த வலு கூடிய 3 டெஸ்லா எந்திரம் கிடைத்தால் நல்லது.

உள்ளே போகுமுன் அரைஞாண் கொடி, மெட்டி, தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். அங்கே போய்த் திகைக்காமல், தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு போனால் வீட்டுப் பெரியவர்களுக்கும் மனம் சங்கடப்படாது. கோவைப் பக்கம் லேத், பவுண்டரி, கிரைண்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர்கள், எப்போதாவது கண்ணில் இரும்புத்தூள் தெறித்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் தங்கிய துகள் காந்தத்தில் நகர்ந்தால் பார்வை போகும். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டே உள்ளே அனுப்புவார்கள்.

ஸ்கேனில் ஒரு சிறு வளையம் தெரிகிறது, நாடாப்புழுவின் இளம்புழுக் கட்டி என்று சொன்னால் இடிந்துபோக வேண்டாம். நம் நாட்டில் வலிப்புக்கு அது அடிக்கடி காணப்படும் காரணம், மருந்துக்கு நன்றாகக் கேட்கும். பன்றிக்கறி சாப்பிட்டதே இல்லையே என்பார்கள். மனிதக் கழிவு கலந்த தண்ணீரிலும் கழுவாத கீரையிலும் உள்ள முட்டை வழியாகச் சைவக்காரருக்கும் இது வரும். அதே வளையம் காசநோய்க் கட்டியாகவும் இருக்கலாம் என்பதால் சில வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் கேட்பார்கள். அதைத் தவிர்க்காதீர்கள்.

எங்கே போவது

நரம்பியல் டாக்டர் வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெருந்துறையில் உள்ள ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவை அரசுத் தரப்பில் நம் பகுதிக்குப் பெரியவை. நரம்பியல் ஓ.பி. எந்தக் கிழமை என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள், சுகாதார உதவி எண் 104-இல் கேட்கலாம். மில்லிலும் பனியன் கம்பெனியிலும் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் டிஸ்பென்சரிச் சீட்டோடு கோவை இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். பிடித்தம் இருந்தும் தனியாரில் கடன் வாங்கிச் செலவழிக்கும் குடும்பங்கள் நிறைய.

உள்ளே கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். ஒரே தாளில் மேலே சொன்ன விவரத்தைச் சுருக்கி முதலில் நீட்டுங்கள். பிரசவத்தில் குழந்தை உடனே அழுததா, சின்ன வயதில் காய்ச்சல் வலிப்பு வந்ததா, வண்டியிலிருந்து விழுந்து நினைவு தப்பியதுண்டா, சொந்தத்தில் யாருக்காவது வலிப்பு உண்டா, அப்பா அம்மா உறவு முறையில் கட்டியவர்களா என்று கேட்பார்கள். அப்பத்தாவிடமும் அம்மாயியிடமும் முன்பே விசாரித்து வையுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்பதற்குப் பழைய சீட்டு முழுவதும் வேண்டும். ‘வெள்ளை மாத்திரை’ என்றால் யாருக்கும் புரியாது.

பெயர் தெரியாத நாட்களில்

முடிவு வர மாதங்கள் ஆகலாம். அதுவரை வலிப்பு வரும் என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள்.

கிணறுதான் நம் பக்கத்தின் முதல் ஆபத்து. கிணத்து மேட்டிலும் வாய்க்கால் கரையிலும் தனியாகப் போக வேண்டாம், மோட்டார் போட வேறு யாராவது போகட்டும். கிணற்றில் குதித்து நீந்துவதை முழுக்க நிறுத்துங்கள். குளியலறைத் தாழ்ப்பாளைப் போடாமல், உட்கார்ந்து, சொம்பில் மொண்டு குளிக்கலாம். தென்னை மரம், தண்ணித் தொட்டி, சாரம் எதிலும் ஏறக் கூடாது. விறகடுப்பில் தனியாகச் சமைக்க வேண்டாம். கேஸ் அடுப்பில் பாத்திரத்தின் கைப்பிடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள், கொதிக்கும் சோற்றுப்பானையை இறக்கி வடிக்க வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.

பைக்கும் காரும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-லேயே வலிப்போ திடீர் நினைவிழப்போ உண்டா என்று கேட்கிறார்கள். லாரி, போர்வெல் ரிக் வண்டி ஓட்டிப் பிழைக்கும் நாமக்கல், திருச்செங்கோட்டுக் குடும்பங்களுக்கு இது வயிற்றில் அடிப்பதுதான். ஆனாலும் முப்பது டன் வண்டியை ஓட்டும்போது வரும் ஒரு வலிப்பு எத்தனை வீடுகளை அழிக்கும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. கிளீனர், லோடு கணக்கு, புக்கிங் ஆபீஸ் என்று அதே தொழிலில் ஓட்டாத வேலைக்கு மாற முதலாளியிடம் பேசுங்கள். தறியில் பெல்ட் ஓடும் பக்கம், கட்டிங் மெஷின், பாய்லர் வேண்டாம். செக்கிங், பேக்கிங் செய்யலாம்.

தூக்கம் கெடுவது வலிப்புக்குப் பெரிய தூண்டுகோல். அரை நைட், முழு நைட் மாறி மாறிப் பார்ப்பதும், ஏற்றுமதி அவசரத்தில் ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் பார்ப்பதும் உடம்பைக் கவிழ்த்துவிடும். பகல் ஷிப்ட் மட்டும் தரும்படி டாக்டரிடம் சான்று வாங்கிக் கொடுங்கள். தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் போகிறவர் இரவெல்லாம் நடப்பதை விட்டு, பகலில் நடந்து இரவு தங்கிப் போகட்டும். மாத்திரையைப் பொதுப் பையில் போடாமல் உடன் வருபவர் மடியில் வைத்திருக்கட்டும். விரதமென்று மாத்திரையை விடுவது கூடவே கூடாது.

பெரிய வலிப்பு அடிக்கடி வருகிறவர் தனி அறையில் தூங்க வேண்டாம், குப்புறப் படுக்கவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு வந்தவர் வீட்டில், ஓடும் வலிப்பை நிறுத்தும் மிடசோலம் மூக்கு ஸ்ப்ரே இருக்க வேண்டும். எடைக்கு எத்தனை பஃப் என்று டாக்டர் எழுதித் தந்ததை ஸ்ப்ரே டப்பா மேலேயே ஒட்டி வையுங்கள், பள்ளிக்கூடத்திலும் ஒன்று கொடுத்து வையுங்கள்.

மாத்திரை தொடங்கியபின்

சரியான மருந்தில் 10 பேரில் 7 பேருக்கு வலிப்பு முழுக்க நின்றுவிட வாய்ப்புண்டு. நிற்காமல் போவதற்கு அடிக்கடி காணும் காரணம், ‘நாலு மாசமா ஒண்ணுமில்லை’ என்று தாமாக நிறுத்துவது. திடீரென நிறுத்தினால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடங்காத வலிப்பு வரலாம். பெரும்பாலும் இரண்டு ஆண்டு வலிப்பே இல்லாமல் இருந்தபின்தான் குறைப்பதைப் பற்றி டாக்டர் யோசிப்பார், சில வகைகளில் இன்னும் நீளும்.

ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. கடைக்காரர் ‘அதே மருந்துதான், வேற கம்பெனி’ என்று மாற்றித் தந்தால் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். கார்பமசெபின், ஃபெனிட்டாயின், லாமோட்ரிஜின் தொடங்கிய முதல் வாரங்களில் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். லெவிடிராசிடம் போட்டபின் ஆள் சிடுசிடுவென்று மாறினால் அது மருந்தின் விளைவாக இருக்கலாம், குணம் என்று திட்டாதீர்கள்.

கல்யாண வயதுப் பெண்ணுக்கு வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து எழுதியிருந்தால் வேறு மருந்து உண்டா என்று கேளுங்கள். கருவில் வளரும் குழந்தையின் உறுப்புகளையும் அறிவையும் அது பாதிக்கக்கூடும். நாள் தள்ளிப்போனபின் கேட்பது தாமதம், அப்போதும் தாமாக நிறுத்தக் கூடாது. சம்பந்தம் பேசும்போது மறைப்பதால் நடப்பது என்னவென்றால், மாமியார் வீட்டில் மாத்திரையை ஒளித்து வைத்து, வேளை தவறி, எல்லார் முன்னாலும் வலிப்பு வருவது. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் தடையாகச் சொன்ன வரி 1999 திருத்தத்திலேயே நீக்கப்பட்டுவிட்டது. நிச்சயத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டாரை டாக்டரிடமே அழைத்துப் போய்ப் பேசவைக்கும் குடும்பங்கள் உண்டு. அதுவே நல்ல வழி.

நிற்கவே இல்லை என்றால்

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் ஒழுங்காகப் போட்டும் வலிப்பு தொடர்ந்தால், மூன்றாவது, நான்காவது என்று சேர்த்துக்கொண்டே ஆண்டுகளைக் கடத்தாதீர்கள். வலிப்பு மையத்துக்குச் சீட்டு கேளுங்கள். அங்கே வீடியோ ஈஈஜி எடுப்பார்கள். சில நாள் படுக்கையில் வைத்து, வலிப்பு வரும் நேரத்தில் உடம்பையும் மூளை அலையையும் ஒன்றாகப் பதிவு செய்வார்கள்.

அதில் இரண்டு விதமான விடை வரலாம். வலிப்பு மூளையின் ஓரிடத்திலிருந்து மட்டும் கிளம்புகிறது என்று தெரிந்தால் அறுவை சிகிச்சையால் தீர வாய்ப்புண்டு. மற்றது, வந்தவை மின்கோளாறால் வந்த வலிப்பே இல்லை, மனஅழுத்தம் உடம்பு வழியாக வெளிப்பட்டது என்று தெரியவருவது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையை இரு பக்கமும் ஆட்டி, விட்டு விட்டு நீண்ட நேரம் வருபவை பெரும்பாலும் இந்த வகை. இது நடிப்பு இல்லை, அந்த ஆளால் நிறுத்தவும் முடியாது. இதைக் கேட்டதும் ‘இத்தனை நாள் ஏமாத்துனயா கண்ணு’ என்று பாயும் வீட்டில் நோய் இன்னும் மோசமாகும். வலிப்பு மாத்திரை இதற்கு வேலை செய்யாது. மனநல டாக்டரிடம் பேச்சு வழி சிகிச்சையால் குணமாகிறவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு என்பதால் மாத்திரையை டாக்டர் சொன்னபடி மட்டுமே குறைக்க வேண்டும்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையும் இந்த வேலைக்குப் பெயர்பெற்றவை. கோவை, ஈரோடு, சேலத்திலிருந்து இரண்டுக்கும் ரயில் உண்டு. புறப்படும்போது வலிப்பு நோட்டு, வீடியோ உள்ள போன், பழைய சீட்டுகள், ஈஈஜித் தாள்கள், பார்த்த சாட்சி ஒருவர் கூடவே வர வேண்டும். எம்ஆர்ஐக்கு ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படம் ஏற்றிய சிடியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் போனால் அங்கே மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.